ஐயம்பேட்டைச் சட்டி

என் அண்ணி கமலாம்பாள் போன்சாய் என்கிற குட்டை மரம் வளர்ப்பதில் கெட்டிக்காரி என்று திருவையாற்றில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை. அண்ணிக்குப் பிடித்தது சட்டி. அதிலும் புதுச் சட்டி அல்ல. யாரோ வாங்கி, யாரோ வளர்த்து, ஏதோ காரணத்தால் காலியாகிப்போன பழைய சட்டி. மரம் என்பது அந்தச் சட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு. நான் அவருடைய நாத்தனார், தர்மாம்பாள். அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டேன். நாத்தனார் வாயைத் திறந்தால் குறைதான் சொல்வாள் என்பீர்கள். சொல்லப்போவதும் குறைதான். ஆனால் அந்தக் குறையை என்னிடம் சொன்னதே அண்ணிதான்.

எண்பதுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பெரிய வீட்டுப் பெண்களுக்கு இந்தப் போன்சாய்ப் பைத்தியம் பிடித்தது. ஒரு மகளிர் சங்கம் வகுப்பு நடத்தியது. அண்ணியும் பஸ் ஏறிப் போய் வந்தார். எல்லோரும் கிளைக்குக் கம்பி சுற்றி வளைக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது, அண்ணி டீச்சருடைய சட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன் என்று மரத்தோடு சேர்த்துச் சாய்த்துவிட்டாராம். மண்ணெல்லாம் மேசையில். டீச்சர் திட்டியதைக்கூட அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சட்டியின் காலில் ஒன்று தேய்ந்திருந்ததைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

பைத்தியம் பிடித்த வேகத்திலேயே பலருக்குத் தெளிந்தும் விட்டது. சிலர் வீட்டு மரம் பட்டுப்போனது. சில அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அப்படிப் போகிற வீடுகளில் கொல்லைப்புறம் கிடக்கும் சட்டிகளை அண்ணி கேட்டு வாங்கி வந்துவிடுவார். வந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், சந்தையில் பானை வாங்குகிற மாதிரி. விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று அடங்கிப்போகும். பிறகு கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவுவார். சட்டியின் சுவரில் வெள்ளையாகப் படிந்த உப்புத் தடத்தைத் தேய்த்து எடுக்க மாட்டார். "எந்த மட்டம் வரைக்கும் தண்ணி நின்னுச்சுன்னு அதுல தெரியுது தர்மா. அதை எதுக்கு அழிக்கணும்?" என்பார்.

அதற்கப்புறம் வடிகஞ்சி. புது மண்சட்டியைச் சமையலுக்குப் பழக்குவதற்குக் கஞ்சி ஊற்றி வைப்போமே, அதையே இந்தப் பழைய சட்டிகளுக்கும் செய்வார். ஜப்பான்காரன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான் என்று நான் கேலி செய்வேன். கஞ்சியைத் துடைத்து, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு லேசாக ஒரு பூச்சு. வெயிலில் வைத்தால் அந்தச் சட்டிக்கு ஒரு நிறம் வரும் பாருங்கள், எனக்கே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். கேலி செய்துகொண்டே நானும் தடவிப் பார்த்திருக்கிறேன். பளபளப்பு இல்லாத வழவழப்பு. பலர் கைபட்ட இடம் மட்டும் ஒரு தனிக் குளிர்ச்சியாக இருக்கும்.

வகுப்பில் அண்ணிக்குக் கிடைத்த சிநேகிதி ஐயம்பேட்டை ஹமீதா பானு. அவர் வீட்டுக்காரர் முகம்மது யூசுப் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். அங்கே பழைய சாமான் விற்கிற கடையில் பிடித்து, போர்வையில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்த சட்டி ஒன்று ஹமீதாவிடம் இருந்தது. நீள்சதுரம், ஆழம் குறைவு, மூலைகள் மட்டும் மழுங்கி உருண்டிருக்கும். மெருகு பூசாத மண். ஈரமாக இருந்தால் பழம்புளியின் கறுப்பு, காயக் காய விபூதி தேய்த்தது போல ஒரு பழுப்பு. விளிம்புக்குக் கீழே, செய்தவனுடைய கட்டைவிரல் பதிந்த ஒரு சின்னக் குழி. அண்ணி போகும்போதெல்லாம் பேச்சுவாக்கில் தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்ப்பார். அளவெடுத்தது போலப் பொருந்தும்.

அந்தச் சட்டியில் ஒரு புளியமரம் இருந்தது. ஹமீதா பிறந்த வீட்டுச் சுவரிடுக்கில் முளைத்த கன்று. வீட்டை இடித்தபோது அவர் பிடுங்கி எடுத்துவந்து வளர்த்தது. பிறந்த வீடு என்று அவருக்கு மிஞ்சியது அதுதான். அண்ணியின் கண் எங்கே மேய்கிறது என்பது ஹமீதாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மரம் இருக்கற வரைக்கும் சட்டி அதுக்குத்தான்க்கா. அதுக்கப்பறம் உங்களுக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

விளையாட்டுப் பேச்சு. அண்ணியும் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் வாக்கு வாக்குத்தானே, அது மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் என் அண்ணன் தியாகராசனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இளவயதில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டி, மைக்கைப் பிடித்து, உழுகிறவனுக்கே நிலம் என்று முழங்கியவர். அவர் கட்சிதான் ஆட்சிக்கும் வந்தது, குத்தகைதாரர் பெயரைப் பதிகிற சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் தன் வயலுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று மட்டும் அண்ணன் எதிர்பார்க்கவில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வயலைக் குத்தகைக்கு உழுதவர் வீரையன். பெயர் பதிவாகிவிட்டது. அவரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. விற்கலாமென்றால், ஆள் இருக்கிற வயலை எவன் வாங்குவான்?

பக்கத்து ஊர்களில் இதே சண்டை வெட்டுக்குத்து வரை போயிருந்தது. நிலக்காரர்கள் வெளியாளை இறக்கி அறுக்கப் போனார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வரப்பில் செங்கொடி நட்டார்கள். போலீஸ் வேன் வந்து நின்றது. அண்ணன் அந்த வழிக்கெல்லாம் போகிறவர் இல்லை. வீரையனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. ஆள் போய்விட்டால் வயல் தானாகக் கைக்கு வரும். ஆகவே அண்ணன் காத்திருந்தார்.

வீரையன் எப்போது வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் அக்கறையாக விசாரிப்பார்.

"என்ன வீரையா, இருமல் எப்படி இருக்கு?"

"பரவால்லைங்கய்யா. இப்பக் கொறைஞ்சிருக்கு."

"கொறைஞ்சிருக்கா?" என்பார் அண்ணன், முகம் வாடி.

வீரையன் போன பிறகு அண்ணி அண்ணனைப் பிடித்துக்கொள்வார். "ஏங்க, ஒரு மனுசன் எப்பப் போவான்னு வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீங்களே, நல்லாவா இருக்கு? இலவு காத்த கிளி கூட இவ்வளவு பொறுமையா உக்காந்திருக்காது." அண்ணன் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். வீரையனுக்கு இருமல் கஷாயம் அண்ணி கையால்தான் போகும். குத்தகையை விட்டுவிட்டதாக அவரிடம் ஒரு கைநாட்டு வாங்கிவிடலாம் என்று அண்ணனுக்கு யாராவது யோசனை சொன்னால், அவர்களுக்கு அந்த வீட்டில் காபி கிடைக்காது. வீரையன் அந்த வயலில் நின்றதற்குச் சட்டம் பாதிக் காரணம் என்றால், அண்ணியின் வாய் மீதிக் காரணம்.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் ஹமீதா பானு மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பினார். ஆனிக்குத்தான் திரும்புவார். புளியமரத்தை யாரிடம் விடுவது? வேறு யாரிடம், அண்ணியிடம்தான். வாடகைக் கார் வைத்து, மடியில் வைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "வெயில்ல தினமும் தண்ணி கேக்கும்க்கா. மண்ணு கொஞ்சந்தான் பாருங்க" என்று சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அண்ணிக்குத் திருவிழாதான். காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, சட்டியை ஒரு தடவு. விளிம்பில் படர்ந்திருந்த பாசியை ஈர்க்குச்சியால் நீக்கினார். எண்ணெய்த் துணி போட்டார். நான் போனபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சட்டி காயும்போது அந்தப் பழுப்பு, விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே வெளுப்பு, அடியில் கறுப்பு, நடுவில் இரண்டும் கலக்கிற ஒரு வரி. "அந்த வரியைப் பாரு தர்மா" என்பார். தண்ணீர் ஊற்றினால் அது அழிந்துவிடும். அதனால் சாயங்காலம் ஊற்றலாம் என்பார். சாயங்காலம் வந்தால், காலையில் ஊற்றலாம் என்பார்.

கேட்டால் பதில் வைத்திருந்தார். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று ஒரு கணக்கு உண்டு. வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண் லேசாக வெடிக்கிற வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் வேர் ஆழமாக இறங்கும், பயிர் தூர் கட்டும். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். "இதுக்கும் அதேதான். காயட்டும், வேர் தேடிப் போகும்" என்றார் அண்ணி. எனக்கும் சரியென்றுதான் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் வயலுக்கு நடுவே வளர்ந்தவர்கள். வேர் தேடிப் போவதற்கு அந்தத் தட்டையான சட்டியில் எங்கே இடம் இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அண்ணிக்குத் தோன்றியதா இல்லையா என்பதுதான் பின்னால் அவரைத் தின்ற கேள்வி.

அது சித்திரை வெயில். காவிரி மணலாகக் கிடந்தது. புளிய இலை பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும், விடிந்தால் விரியும். ஒருநாள் விடிந்தும் விரியவில்லை. இன்னும் தூக்கம் கலையவில்லை என்று அண்ணி நினைத்தாராம். மறுநாளும் அப்படியே. தொட்டதும் இலையெல்லாம் சட்டியின் மேல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கப்புறம் குடம் குடமாக ஊற்றினார், நிழலுக்கு மாற்றினார், ஈரச் சாக்கைச் சுற்றினார். வைகாசியில் பட்டையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சையில்லை.

அன்றைக்கு அண்ணன் ஆறுதல் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், பாவம்.

"விடு கமலம். மரம் போனா என்ன, சட்டி நமக்குத்தானே?"

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். எப்போதும் வருகிற சூடான பதில் வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் போய் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"பட்டையைக் கீறினேன்ல, பச்சை இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல, அப்ப எனக்கு அழுகை வரல தர்மா. இதுல சின்ன அத்தி வெச்சா எடுப்பா இருக்கும்னுதான் மொதல்ல தோணிச்சு. அப்பறந்தான் ஹமீதா ஞாபகமே வந்துச்சு. உங்க அண்ணன் வாயால சொல்லிட்டாரு, நான் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்."

தெரியாமல் நடந்தது என்றேன். "தெரியாமத்தானா?" என்று கேட்டார்.

ஆனியில் ஹமீதா திரும்பியதும், பட்ட மரத்தை அதே சட்டியோடு சுமந்துகொண்டு அண்ணி தனியாக ஐயம்பேட்டை போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். ஹமீதா பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு, "இந்த வருச வெயில் மனுசனையே கொன்னுச்சாமேக்கா. நீங்க என்ன செய்வீங்க?" என்று இவருக்கே தேறுதல் சொன்னாராம். தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று அண்ணி இழுத்திருக்கிறார். "வேணும்னா ஊத்தாம இருப்பீங்க?" என்று ஹமீதா கேட்டிருக்கிறார். அங்கேயே வாய் அடைத்துப்போனது. ஹமீதா மரத்தை எடுத்துக்கொண்டு, சட்டியைக் கழுவி, சொன்ன சொல் மாறாமல் அண்ணியின் கையிலேயே கொடுத்து அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்ததாகவும், கை அதற்குள் வாங்கிக்கொண்டதாகவும் அண்ணி சொன்னார்.

வந்த சட்டியில் அத்தியும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. கிணற்றடியில் கவிழ்த்து வைத்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அண்ணிக்குக் குறுகுறுத்ததெல்லாம் அந்தக் கிணற்றடிப் பக்கம் போகும்போதுதான்.

ஆடியில் தண்ணீர் வந்தது. ஊரெல்லாம் நடவு. அந்த நேரம் பார்த்து வீரையன் காய்ச்சலில் விழுந்தார். நாற்றங்காலில் நாற்று நிற்கிறது, நட ஆள் இல்லை. அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தப் போகம் நடவில்லையென்றால் சாகுபடியை விட்டுவிட்டான் என்று எழுதி வாங்கிவிடலாம், ஆளும் படுக்கையில் இருக்கிறான் என்று, காபி கிடைக்காத அந்த ஆட்களை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணி இப்போது எதுவும் பேச மாட்டார் என்று அவருக்குத் தைரியம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வைகாசியிலிருந்து அண்ணி யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அண்ணி காபி கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்:

"முந்தியெல்லாம் உங்களை மட்டமா நெனச்சுப் பேசுவேன். இப்ப அப்படி இல்லைங்க. நானும் உங்களை மாதிரிதான், பாத்துட்டேன். பாத்துட்டு வந்து சொல்றேன், வேணாம். காத்திருந்தது வந்தப்பறம் அதைக் கையால தொட முடியாது."

அண்ணன் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் அண்ணியே தெருத்தெருவாகப் போய் நடவுப் பெண்களைக் கூப்பிட்டு, வரப்பில் குடையோடு நின்று, வீரையன் பெயரில் அந்த வயலை நட்டு முடித்தார். காலையும் மாலையும் கஞ்சியும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனார். டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்ததில், "போதும்மா, வயிறு தாங்கல" என்று அந்த மனுஷனே கெஞ்சினார். ஒரு வேளை தண்ணீர் தவறினால்கூட அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

வீரையன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாக எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் வாழைமட்டையில் சுற்றிய ஒரு புளியங்கன்று.

"வரப்போரம் மொளைச்சிருந்துச்சும்மா. உங்க சிநேகிதியோட மரம் பட்டுப்போச்சுன்னு ஊர்ல சொன்னாங்க. சட்டியும் சும்மா கெடக்கு. உங்க கையால வெச்சா துளுத்துரும். என்னையே எழுப்பி விட்டுட்டீங்களே."

கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். அண்ணி கன்றை வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தார். யாராவது திட்டினால் தேவலை என்றார்.

அந்தக் கன்றைச் சட்டியில் நட்டு, மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. ஹமீதா பானு வாசலுக்கே வந்து வரவேற்றார். உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை.

"ஹமீதா, அன்னிக்கு வேணும்னா ஊத்தாம இருப்பீங்களான்னு கேட்டீங்க. நான் பதில் சொல்லல. அந்தச் சட்டி காயறப்ப அழகா இருந்துச்சு. அதைப் பாக்கறதுக்காகத் தண்ணி ஊத்தாம விட்டேன். மரம் போனா சட்டி எனக்குங்கறதும் மனசுல இருந்துச்சு. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல. ஆனா இருந்துச்சு."

ஹமீதா எழுந்து வந்து, சட்டியை அண்ணி கையிலிருந்து வாங்கினார். திண்ணையில் வைத்து, கன்றின் அடியில் விரலைக் கொடுத்து, வேர் அறாமல், மண்கட்டியோடு மெதுவாகத் தூக்கினார். மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் அதை வைத்து, மண் போட்டு அமுக்கி, தண்ணீர் ஊற்றினார். அப்புறம் காலிச் சட்டியைக் குழாயடியில் கழுவினார். முந்தானையால் துடைத்தார். அண்ணியிடம் நீட்டினார்.

"கன்னு இங்க இருக்கட்டும்க்கா. ஆசைப்பட்டது உங்க வீட்லயே இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. டீ கொடுத்தார், குடித்தோம். பேரக்குழந்தையின் படத்தைக்கூடக் காட்டினார். அதற்கப்புறமும் நல்லது கெட்டதுக்கு வந்து போகத்தான் செய்தார். ஆனால் ஒரு செடியைக்கூட யாரிடமும் விட்டுவிட்டுப் போனதில்லை. வெளியூர் போனால் வாளியையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

அண்ணன் போய் வருஷங்கள் ஆகின்றன. வீரையன் அவருக்கும் பின்னால் பல போகம் அறுத்தார், அண்ணனுக்குப் பந்தல் போட்டவரே அவர்தான். அண்ணி மற்ற சட்டிகளையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் கொடுக்கவும் இல்லை, அதில் எதையும் வைக்கவும் இல்லை. போன வாரம் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சட்டி கிணற்றடியில் நனைந்து, ஒரு பக்கம் மட்டும் காயத் தொடங்கியிருந்தது. அண்ணி குனிந்து, அந்த விரல்குழியில் கட்டைவிரலை வைத்தார்.

"இப்பவும் அழகாத்தான் இருக்கு தர்மா" என்றார். "அதுதான் எனக்குத் தாங்கல."